இரண்டு கார்டும் எபிகூரஸும்

ஆசைக்கு எல்லை உண்டா? இந்தப் பழைய கேள்வியை ஒரு கேமிங் கம்ப்யூட்டரின் கேபினட்டைத் திறந்துவைத்தும் கேட்கலாம். 1998-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2 கிராஃபிக்ஸ் கார்டுகள் இரண்டைக் கேபிளால் இணைத்து, திரையின் வரிகளை ஆளுக்குப் பாதியாக வரையவைத்தார்கள்; அதற்கு எஸ்எல்ஐ என்று பெயர். 2004-இல் என்விடியா அதே பெயரில் இரட்டைக் கார்டுகளுக்கு மறுவாழ்வு கொடுத்தது.

2015-ஐ எடுத்துக்கொள்வோம். ஜிடிஎக்ஸ் 970-இன் அறிமுக விலை 329 டாலர். இரண்டு வாங்கினால் 658. ஜிடிஎக்ஸ் 980 டிஐ ஒன்று 649. கணக்குப்படி பார்த்தால் இரட்டையருக்கே பலம் அதிகம். ஆனால் 4 ஜிபியும் 4 ஜிபியும் சேர்ந்து 8 ஆவதில்லை. ஒரே தரவை இரண்டு கார்டுமே தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். ஃபிரேம்களை மாறி மாறி வரையும்போது இடைவெளி சீர்கெட்டுப் படம் திக்கும். மின்சாரமோ 250 வாட்டுக்குப் பதில் 290. பவர் சப்ளை, மதர்போர்டு செலவு தனி.

கேம் ஒத்துழைக்காவிட்டால் இரண்டாவது கார்டு சும்மா கிடக்கும்.

கிரேக்க ஞானி எபிகூரஸ் இன்பத்தை விலக்கச் சொன்னவர் அல்லர். அதன் பின்னால் வரும் தொல்லையையும் எடைபோடச் சொன்னவர். அப்படி எடைபோட்டால், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். அதற்கு மேல் வரையப்படும் ஃபிரேம்களில் கிடைப்பது பெரும்பாலும் எண்ணின் பெருமைதான். இப்படி எல்லை தெரியாமல் அளவற்ற செல்வத்தையும் புகழையும் தேடும் ஆசைகளை எபிகூரஸ் வெற்று ஆசைகள் என்று தனியே பிரித்தார்.

2022-இல் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் இரண்டு கார்டுகளை இணைக்கும் வசதியையே என்விடியா எடுத்துவிட்டது. ஆசை மட்டும் இடம் மாறி, ஒற்றைக் கார்டில் குடியேறியது: ஆர்டிஎக்ஸ் 4090-இன் அறிமுக விலை 1,599 டாலர்.