ஒரு பாயின் மீதி விலை

டோக்கியோவில் மொழிப் பாடசாலையொன்றில் படிக்கும் எனது பழைய மாணவர் ஒருவர் சென்ற விடுமுறையில் ஒசாகா நகரைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். அங்கிருந்து ஓரிரவு தொலைபேசியில் அழைத்தார். "சேர், ராவைக்கு ரெண்டாயிரத்து ஐநூறு யென்னுக்கு ஒரு ரூம் கெடச்சீக்கி. மூணு பாய் விரிக்கிற அளவுதான். பக்கத்து ரூம்ல ஒரு வயசாளி பத்து வருஷமா ஈக்கிறாராம். அவருக்கு இத விட்டா வேற வீடில்ல. நான் சுத்திப் பாக்க வந்தவன். நான் இங்க படுக்கிறது சரியா சேர்?" என்று கேட்டார்.

மலிவாகத் தங்குவதற்கு எங்கே இடம் கிடைக்கும் என்று கேட்கும் இளைஞர்கள் பலரை எனக்குத் தெரியும். மலிவாகத் தங்குவது சரியா என்று கேட்ட ஒருவரை இப்போதுதான் சந்திக்கிறேன். அந்தக் கேள்வியை இலேசில் விட்டுவிட மனம் இடந்தரவில்லை.

அவர் தங்கியிருந்த பகுதிக்குக் கமகசாகி என்று பெயர். ஷின்-இமாமியா ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம். நாட்கூலிகள் வாழ்ந்த பேட்டை அது. 1970ஆம் ஆண்டு ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியின் கட்டட வேலைகளுக்கென நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இங்கேதான் முடங்கிக் கிடந்தார்கள். ஜப்பானிய மொழியில் விடுதியை 'யாடோ' என்பார்கள். இந்த அறைகளை விடுதியென்று சொல்ல நா கூசியதோ என்னவோ, சொல்லைத் தலைகீழாகப் புரட்டி 'டோயா' என்றார்கள். 1990களில் அந்நாட்டின் பொருளாதாரம் சரிந்து, கட்டட வேலைகள் குறைந்தபோது அறைகள் வெறுமையாயின. சில உரிமையாளர்கள் அவற்றை அரச உதவிப்பணத்தில் வாழும் முதியோரின் குடியிருப்புகளாக மாற்றினர். வேறு சிலர், முதுகில் பை சுமந்து வரும் வெளிநாட்டு இளைஞர்களுக்குத் திறந்துவிட்டனர். என் மாணவரும் அந்த வயசாளியும் ஒரே சுவரின் இரண்டு பக்கத்திலும் படுக்க நேர்ந்தது இப்படித்தான்.

மாணவரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர் அங்கே வாரத்துக்கு 28 மணித்தியாலங்கள்தாம் வேலை செய்யலாம். 2024 ஒக்டோபரில் டோக்கியோவின் ஆகக்குறைந்த மணிக்கூலி 1,163 யென்னாகியது. அந்தக் கணக்கில் அறையின் வாடகை இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய உழைப்பு. ஓர் ஒழுங்கான ஹோட்டலுக்குப் போனால் ஒரு நாள் உழைப்பு முழுவதும் போய்விடும். வாப்பாவின் காணியை ஈடு வைத்துப் போன பிள்ளை அவர்.

"வெறுமையாகக் கிடந்த அறையில் படுத்ததனால் நீங்கள் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை" என்று சொன்னேன். "ஆனால், உங்களைப் போல வருகிறவர்கள் பெருகி, அதனால் வாடகையும் ஏறி, பக்கத்து அறைக்காரர் எழும்பிப் போக நேர்ந்தால் அப்போது கணக்கு வேறு." இது வெறும் கற்பனைப் பயமல்ல. அந்த ரயில் நிலையத்தின் அருகிலேயே 2022இல் பெரிய சுற்றுலா ஹோட்டலொன்று திறக்கப்பட்டிருக்கிறது.

ஒரு பாயின் உண்மையான விலை ஒருபோதும் குறைவதில்லை என்பது எனது அபிப்பிராயம். படுப்பவர் குறைத்துக் கொடுத்தால் மீதியை வேறு யாரோ கொடுக்கிறார். அவர் தெரிந்து, விரும்பிக் கொடுக்கிறாரா, அல்லது அவருக்குத் தெரியாமலே அவரிடமிருந்து எடுக்கப்படுகிறதா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

இதற்கு ஜப்பான் வரை போகத் தேவையில்லை. எங்கள் எம்பிலிப்பிட்டியவே வழிப்போக்கரின் ஊர்தான். பெல்மதுளையிலிருந்து நோனாகமவுக்குச் செல்லும் ஏ18 வீதி இதனூடாகப் போகிறது. இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானைத் தோட்டங்களிலிருந்து கதிர்காமத்துக்குப் புறப்பட்ட சனங்கள் இங்கே இறங்கி, கல் வைத்துச் சோறு பொங்கி, கிடைத்த திண்ணையில் தலைசாய்த்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். பலாங்கொடைக்கு அப்பால், ஜெய்லானிக் கந்தூரிக்கு வந்தவர்கள் கொட்டகைகளில் தங்கிய காலமும் இருந்தது. 1972இல் உடவளவை தேசிய பூங்கா பிரகடனமாகி, 1995இல் யானைக் குட்டிகளைப் பராமரிக்கும் நிலையமும் வந்த பின்னர் வேறு வகையான வழிப்போக்கர் வரத் தொடங்கினர். பூங்காவைச் சுற்றியுள்ள வீடுகளில் ஓர் அறைக்கு வெள்ளையடித்து, நுளம்பு வலை கட்டி, வாசலில் பலகை தொங்கவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைத் தட்டியெழுப்பிக் காரணம் கேட்டால், "ரூமுக்கு ஆள் வந்த சேர், நாங்க குசினியிலதான் படுத்த" என்ற பதில் வரும். அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வாடகையில்தான் பிள்ளையின் கொப்பியும் சப்பாத்தும் வருகின்றன. ஆனால், பேரம் பேசி ஐந்நூறு ரூபாவைக் குறைத்துவிட்டு, மலிவாக இடம் கிடைத்ததென்று நண்பர்களுக்குச் சொல்லும் அந்த வெளியூர் மாணவருக்குக் குசினியில் படுத்த பிள்ளையைத் தெரியாது. தெரிந்தால் பேரம் பேசியிருக்க மாட்டாரென்றே நம்புகிறேன்.

முன்னைய காலத்தில் விலையே இல்லாத இடங்கள் இருந்தன. சிங்களக் கிராமங்களின் வழியோரத்து அம்பலங்களில் யாரும் யாரிடமும் காசு கேட்கவில்லை. பருத்தித்துறையில் வீதியையே கூரையால் மூடிக் கட்டிய தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது. இவற்றிலும் மீதி விலை இருந்தது. கூரை வேய்ந்தவரும், கூட்டிப் பெருக்கியவரும், தண்ணீர்ப் பானையை நிரப்பி வைத்தவரும் அதைக் கொடுத்தார்கள். தாங்கள் கொடுப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அம்பலத்துக்கும் குசினிப் பாய்க்குமுள்ள வித்தியாசம் அதுதான்.

இந்த விடயத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இப்னு பதூதாவின் பயணக் குறிப்புகளில் வரும் அகீகளை. 1325இல் தஞ்சியரிலிருந்து புறப்பட்டபோது அவருக்கு வயது 21. போகும் ஊர்களிலெல்லாம் அறிஞர்களைத் தேடிப் பாடம் கேட்ட அவரையும் மாணவப் பயணியென்று சொல்வதில் தவறில்லை. 1330களில் இன்றைய துருக்கியான அனடோலியாவில் அவர் கண்ட அகீகள் செல்வந்தர்களல்லர். கைத்தொழில் செய்து பிழைத்த இளைஞர்கள். பகலில் உழைத்ததை அஸருக்குப் பின் தங்கள் தலைவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் பழமும் உணவும் வாங்குவார்கள். அன்று ஊருக்குள் ஒரு பயணி வந்தால் ஸாவியாவில் அவரைத் தங்கவைத்து உபசரிப்பார்கள். யாரும் வராவிட்டால் தாங்களே கூடியிருந்து சாப்பிடுவார்கள். லாதிக் என்ற ஊரில் இரண்டு கூட்டத்தார் அவருடைய குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக் கத்தியையும் உருவிவிட்டார்களாம். கொள்ளையரென்று பயந்தவருக்குப் பிறகுதான் விளங்கியது, யார் முதலில் விருந்தளிப்பது என்ற சண்டை அதுவென்று. கடைசியில் சீட்டுப் போட்டுத் தீர்த்தார்கள். இன்று ஒரு மாணவர் அறைக்காக நாலு கதவு தட்டுகிறார். அன்று கதவுகள் அவருக்காகச் சண்டை போட்டிருக்கின்றன.

1344இல் அவர் இலங்கைக்கு வந்தபோது பாவாதமலைக்குப் போவதற்கு ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் துணையாட்களும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்தனுப்பினார். அதை மலிவுப் பயணமென்று சொல்ல முடியாதுதான். ஆயினும், தமக்கு முன்னர் வந்த ஷெய்கு அபூ அப்துல்லாஹ்வின் காலம் முதல் இந்நாட்டு மக்கள் முஸ்லிம் பக்கீர்களைத் தங்கள் வீடுகளிலேயே தங்கவைத்து, மனைவி மக்கள் இருக்கும் இடத்திலும் சந்தேகமின்றி உணவளித்து வந்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். இந்தக் குறிப்பை நம் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் படிக்க வேண்டுமென்பது எனது ஆசை.

இனி, பெறுபவரின் பக்கம். சூறா தவ்பாவில் ஸகாத் பெறத் தகுதியானவர்களாகச் சொல்லப்பட்ட எட்டு வகுப்பாரில் வழிப்போக்கரும் ஒருவர். இப்னுஸ் ஸபீல், பாதையின் மகன். சொந்த ஊரில் வசதியுள்ளவராக இருந்தாலும், வழியில் கையிருப்பு அற்றுப்போனால் அவருக்கு அந்த உரித்துண்டு. நம் ஷாபிஈ நூல்கள் இதற்கு வைக்கும் நிபந்தனைகள் இரண்டுதாம்: தேவை இருக்க வேண்டும், பயணம் பாவத்துக்கானதாக இருக்கக் கூடாது. படிப்பதற்கோ ஊர் பார்ப்பதற்கோ தானாக விரும்பிப் புறப்பட்டவர் என்பதற்காக அவரைத் தள்ளிவிட முடியாது. ஆனால் முதலாவது நிபந்தனை கூர்மையானது. கையில் காசை வைத்துக்கொண்டு, அதை வேறு கேளிக்கைக்கு மிச்சம் பிடிப்பதற்காக இலவசப் பாயைத் தேடுபவர் தேவையுள்ளவராகார். விருந்தாளியின் உரிமை மூன்று நாளென்றும், வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்தும் அளவுக்குத் தங்குவது ஆகாதென்றும் ஹதீஸ் இருப்பதையும் நாம் அறிவோம். விருந்துபசாரத்தைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். இந்த இரண்டாவது பாதியை ஏனோ விட்டுவிடுகிறோம்.

ஜப்பானிலும் இதற்கொப்பான ஒரு வழக்கம் உண்டு. ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றிவரும் யாத்திரைப் பாதை ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர் நீளமானது. நடந்து வருவோருக்குச் சில கோயில்களிலும் சில தனியார் இடங்களிலும் காசில்லாமல் படுக்க இடம் கொடுக்கிறார்கள். வழியில் ஊரார் பழமோ தேநீரோ சில்லறையோ நீட்டுவார்கள். மறுப்பது மரியாதையல்ல. வாங்கிக்கொண்ட யாத்திரிகர் தம் பெயரெழுதிய ஒரு சிறு கடதாசிச் சீட்டைக் கொடுத்தவரின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். பாய்க்குப் பதிலாக அவரிடமிருந்து கிடைப்பது அவருடைய பெயர் மட்டுமே.

நம் நாட்டிலும் தங்குமிடத்தில் பெயர் கேட்கிறார்கள். ஆனால், நாம் பெயரைக் கொடுத்து வேறொன்றை வாங்கியிருக்கிறோம். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பிலுள்ள மலிவான லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி, வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பணம் கட்டி, பதிவேட்டில் ஒழுங்காகப் பெயர் எழுதியவர்கள் அவர்கள். மலிவான இடத்தில் தங்குகிறவருக்குத் தம் பெயரை மறைக்கும் வசதி இல்லை. பெரிய ஹோட்டலில் கடனட்டை அவரை ஒரு வாடிக்கையாளராக்கிவிடுகிறது. லொட்ஜில் அவர் தமிழராகவோ முஸ்லிமாகவோதான் இருக்கிறார்.

2019 ஏப்ரலுக்குச் சில மாதங்களின் பின், நான்கு மாணவர்களைப் போட்டியொன்றுக்காக வெளி மாவட்டமொன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். முன்பே பேசி வைத்திருந்த விடுதியில் எனது அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, அறைகள் நிரம்பிவிட்டதாகச் சொன்னார்கள். சாவிகள் பலகையில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பிள்ளைகளும் அவற்றைப் பார்த்தார்கள். அன்றிரவு ஒரு பன்சாலையின் தஹம்பாசல மண்டபத்தில் படுத்தோம். அங்கிருந்த முதிய பிக்கு எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை பாய் வேண்டும்? காலையில் பிள்ளைகள் மண்டபத்தைக் கூட்டினார்கள். பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். அப்போது ஷிகோகுவைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கவில்லை.

மாணவர்களுக்கு மலிவான தங்குமிடம் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியவரும் ஒரு பாடசாலை ஆசிரியர்தான் என்பது எமது தொழிலில் உள்ளவர்கள் பலருக்கே தெரியாது. ஜெர்மனியைச் சேர்ந்த ரிச்சார்ட் ஷிர்மான், 1909 ஓகஸ்ட் 26ஆம் திகதி மாணவர்களோடு கால்நடைப் பயணத்திலிருந்தபோது கடும் புயலில் அகப்பட்டார். ஒரு கிராமப் பாடசாலையின் வகுப்பறைகளில் ஒதுங்கினார்கள். விவசாயி ஒருவர் படுப்பதற்கு வைக்கோல் கொடுத்தார். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பாடசாலைகளையெல்லாம் இப்படித் திறந்துவிட்டால் என்ன என்ற யோசனை அன்றிரவுதான் பிறந்தது. 1912இல் அல்டேனா கோட்டையில் முதலாவது நிரந்தர இளைஞர் விடுதி தொடங்கியது. ஜப்பானிலும் 1951 முதல் இதற்கென ஒரு சங்கம் இயங்குகிறது.

எங்கள் கிராமப் பாடசாலையின் மண்டபமும் விடுமுறைகளில் பூட்டித்தான் கிடக்கிறது. அதைப் பயணம் செய்யும் மாணவர்களுக்கும், கதிர்காமம் போகும் ஏழைக் குடும்பங்களுக்கும் இரவில் கொடுக்கலாமென்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். எதிர்ப்பு வந்தது. மலசலகூடத்தை யார் கழுவுவது என்று ஒருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. மீதி விலையைப் பற்றிய கேள்விதான் அதுவும். ஏதாவது நடந்தால் பொலிஸுக்கு யார் பதில் சொல்வது என்று இன்னொருவர் கேட்டார். அடையாள அட்டையின் பிரதியை வாங்கி வைக்க வேண்டுமென்று பலரும் வற்புறுத்தினர். இரண்டு மணித்தியாலம் இழுபட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். ஆகக்கூடியது மூன்று இரவு. போகுமுன் வந்தவர்களே கூட்டிக் கழுவிவிட்டுப் போக வேண்டும். ஒரு கொப்பியில் பெயரையும் ஊரையும் அவர்களே எழுதட்டும், பிரதி வேண்டாம். ஆட்கள் தங்கும் இரவுகளில் காரியாலய அறையில் நான் படுப்பேன். பிரதி வேண்டாமென்பதற்கு மூவர் கடைசிவரை உடன்படவில்லை. அவர்களுடைய பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை.

வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. இருபது பன்பாய் தேவை. இதுவரை பதினொன்று வந்திருக்கிறது. அவற்றில் இரண்டைக் கொண்டுவந்தவர், மலசலகூடத்தை யார் கழுவுவதென்று கேட்டவர்.