மிதியாமல் உருளும் உரிமை

பழைய பொருளைப் பழையபடியே காப்பது அறமா, காலத்திற்கேற்ப மாற்றிக்கொள்வது அறமா என்னும் வினா கோயில்களுக்கும் அரண்மனைகளுக்கும் மட்டும் உரியதன்று. எளிய மனிதனின் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும் மிதிவண்டிக்கும் அது உரியதே.

கிரியான் ஆற்றை ஒட்டிய நிபோங் திபால் வட்டாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பாலும், இருபதாம் நூற்றாண்டில் ரப்பராலும், பின்னர்ச் செம்பனையாலும் உருப்பெற்ற மண். கலிடோனியா, பைராம் போன்ற தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டச் சென்ற தொழிலாளிக்கு மிதிவண்டி ஆடம்பரப் பொருளன்று. அவனுடைய இன்னொரு சோடிக் கால்கள். பால்வாளி தொங்கியதும் அதில்தான். பள்ளிக்குச் செல்லும் பிள்ளை அமர்ந்ததும் அதில்தான்.

அத்தகைய வண்டியொன்று பேரன் ஒருவனின் கைக்கு வருகிறது எனக் கொள்வோம். அவன் துருவைச் சுரண்டுகிறான். குண்டுகளைக் கழுவிப் புதிய கிரீஸ் இடுகிறான். ஆடும் சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி நேராக்குகிறான். இதுவரை சிக்கலில்லை. அடுத்து, ‘பிரீவீலை’க் கழற்றிவிட்டு, குடத்தோடு அசையாமல் இறுகிய பற்சக்கரத்தைப் பொருத்தலாமா என்னும் ஆசை அவனுள் எழுகிறது. பிரீவீல் உள்ள வண்டியில் கால் நின்றாலும் சக்கரம் உருளும். இறுகிய பற்சக்கரத்தில் அது நடவாது. சக்கரம் சுழலும்வரை மிதிகட்டையும் சுழலும். மிதிகட்டை சுழலும்வரை காலும் சுழன்றாக வேண்டும். வண்டிக்கும் மனிதனுக்கும் இடையே இடைவெளியே இல்லாத அந்த ஒன்றிப்புத்தான் பெருநகர இளைஞர் பலரைக் கவர்ந்துள்ளது.

இது புதுமை என்று எண்ணுவது பிழை. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இன்றைய மிதிவண்டியின் வடிவத்தை ‘ரோவர்’ என்னும் பெயரில் உருவாக்கியபோது அதன் பற்சக்கரமும் இறுகியதே. பிரீவீல் பரவலானது அந்நூற்றாண்டின் முடிவை ஒட்டித்தான். ஆகவே பேரன் விரும்புவது பாட்டனின் காலத்திற்கும் முந்திய பழமையை. பழமை என்று நாம் மதிப்பது எந்தப் பழமையை என்னும் கேள்வி இங்கே பிறக்கிறது.

பௌத்த நூலாகிய ‘மிலிந்த பஞ்ஹா’வில் நாகசேனர் மன்னனிடம், தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா எனக் கேட்கிறார். எதுவும் தனித்துத் தேரன்று. அவை கூடிய கூட்டுக்கு உலகம் இட்ட பெயரே தேர் என்பது அங்கே கிடைக்கும் தெளிவு. அவ்வாறெனில், இருமுறை சங்கிலியும் பலமுறை டயரும் மாறிய வண்டியைப் பாட்டனின் வண்டி என்பது எதனால்? இரும்பினால் அன்று, அது செய்த தொண்டினால். அதனால்தான் எந்த உறுப்பை மாற்றுகிறோம் என்பதைவிட, அவ்வுறுப்பு யாருக்கு என்ன செய்தது என்று அறிவதே முதற்கடமை ஆகிறது.

பிரீவீல் அத்தொழிலாளிக்கு என்ன செய்தது? நூற்றுக்கணக்கான மரங்களைக் கடந்து நடந்து ஓய்ந்த கால்களுக்கு, வீடு திரும்பும் வழியின் சிறு சரிவில் அது சற்றே இளைப்பாறுதல் தந்தது. அவன் நாளில் யாரிடமும் கேளாமல் கிடைத்த ஓய்வு அது ஒன்றே எனலாம். ஓயாது மிதிப்பதை ஒரு தவமாகப் போற்றுவது, ஓய்வைத் தேடி அலையாதவர்க்கு எளிது. உழைத்து ஓய்ந்தவனோ, மிதியாமல் உருளும் அந்த ஐம்பது கஜத்தின் அருமையை அறிவான். அதனைத் தேவையற்ற உறுப்பெனத் தூக்கியெறிவது பாட்டனின் களைப்பை மறப்பதாகும்.

இதனால் மாற்றமே கூடாதென்பது பொருளன்று. கண்ணாடிப் பேழையுள் பூட்டிய வண்டி காக்கப்பட்டதன்று, புதைக்கப்பட்டதே. ஆயினும் மாற்றத்திற்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, மீட்கக்கூடியதாக இருத்தல். பிரீவீலுக்கென அமைந்த பழைய குடத்தில், பின்னோக்கி அழுத்தும்போது பற்சக்கரம் கழலாமல் தடுக்கும் இடச்சுற்றுப் பூட்டு வளையத்திற்கு இடமில்லை. அதிலேயே வலிந்து பொருத்தினால், வேகத்தை அடக்கப் பின்னழுத்தும் கணத்தில் பற்சக்கரம் கழன்றுபோகலாம். அதற்கென அமைந்த புதிய சக்கரத்தை மாட்டி, பழைய சக்கரத்தைத் துடைத்துப் பரண்மேல் வைப்பதே முறை. பழைய சட்டத்தின் பின்கவட்டில் அச்சை முன்பின் நகர்த்திச் சங்கிலியை இறுக்க இடமிருப்பதால், சட்டத்தை அறுக்கவோ ஒட்டவோ தேவையில்லை.

இரண்டாவது எல்லை, பிறர் உயிர். 2017 பிப்ரவரி 18 அன்று, விடியுமுன் ஜொகூர் பாருவில் மிதிவண்டியோட்டிய பதின்ம வயதினர் எண்மர் கார் மோதி உயிரிழந்தனர். ‘பாசிக்கல் லாஜாக்’ என்று மலாயில் வழங்கும் மாற்றியமைத்த வண்டிகளை நாடே அன்று பேசிற்று. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்து, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காரோட்டியவரை விடுவித்தது. அவ்வண்டிகள் இறுகிய பற்சக்கர வண்டிகளல்ல. எனினும் பிரேக்கைக் கழற்றுவது அழகென்னும் எண்ணம் இரண்டு கூட்டத்தாரிடமும் உண்டு. மலேசியாவின் அசிசுல்ஹஸ்னி அவாங் 2017இல் உலகக் கெய்ரின் வாகையர் ஆனதும் பிரேக்கும் பிரீவீலும் இல்லாத வண்டியில்தான். ஆனால் அது எதிர்வண்டி வராத, குழந்தை குறுக்கே ஓடாத பந்தயத் தடம். தடத்தில் வீரமாக இருப்பது சாலையில் அலட்சியம் ஆகிவிடும். ஆதலின் எந்தச் சக்கரத்தை மாட்டினாலும் பிரேக் நீங்கலாகாது.

பேரன் புதிய சக்கரத்தை மாட்டட்டும். தன் கால் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறுப்பேற்பதை உணரட்டும். அதுவும் ஒரு கல்வியே. ஆனால் பரண்மேலுள்ள சக்கரத்தை ஆண்டுக்கொருமுறை இறக்கி மாட்டி, பாட்டன் திரும்பிய பாதையில் ஒருமுறை சென்று வரட்டும். சரிவு வரும்போது காலை நிறுத்தட்டும். பிரீவீல் எழுப்பும் அந்த மெல்லிய ‘டிக் டிக்’ ஒலியில், உழைத்தவன் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்ட ஓசையை அவன் கேட்பான். பழமையைக் காப்பதென்பது, முன்னோர் எங்கே இளைப்பாறினர் என்பதையும் நினைவில் வைத்திருப்பதாகும்.