கேட்பவரும் இரப்பவரும்

இரத்தலைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்த வள்ளுவர், ‘இரவு’ என்னும் 106-ஆம் அதிகாரத்தில், ஒளிக்காது கொடுப்பவரிடம் கேட்பதில் இழிவில்லை என்று இசைந்துவிட்டு, ‘இரவச்சம்’ என்னும் அடுத்த அதிகாரத்தில், மனமுவந்து கொடுப்பவரிடமும் கேளாதிருப்பதே கோடி மடங்கு மேல் என்று திரும்பிவிடுகிறார். பட்டாவுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் தாலுகா அலுவலக வராந்தாவில் காத்து நிற்கிறவர் இந்த இரவலர் கூட்டத்தைச் சேர்ந்தவர்தாமா, அன்றித் தமக்குரியதைக் கேட்டு வந்தவரா என்னும் கேள்வி, நிர்வாக விஷயமாகத் தோன்றினும் உண்மையில் தர்மவிசாரமே ஆகும்.

சட்டப் பஞ்சாயத்து இயக்கம், அறப்போர் இயக்கம் போன்றவை, அரசு அலுவலகங்களை அணுகும் முறையையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் பொதுமக்களுக்குக் கற்பித்து வருகின்றன. இத்தகைய இலவச வகுப்பை வித்தியாதானம் என்று புகழ்வதில் எனக்குச் சம்மதமில்லை. தானமென்றால் கொடுக்கும் பொருள் கொடுப்பவருடையதாக இருக்கவேண்டும். நாட்டின் சட்டமோ கற்பிப்பவருக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் சொந்தம். மனிதன் பிறக்கும்போதே சுமந்து வருவதாக வைதிக மரபு கூறும் மூன்று கடன்களுள் ரிஷிகடன் ஓதுவதால் தீர்வது; ஓதியதைப் பிறர்க்கு ஓதுவித்தலும் அதில் அடங்குமென்றே நான் கொள்வேன். கடனைத் திருப்பித் தருகிறவர் உபகாரியின் தோரணையில் மேடையேறுவது அழகன்று.

2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தையே பாருங்கள். வெள்ளைத் தாளில் கேள்வியை எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினால் போதும். 30 நாட்களுக்குள் பதில் வரவேண்டும். ஆயினும் அதன் ஜீவன் இந்தக் கணக்கில் இல்லை. எதற்காகக் கேட்கிறீர் என்று விண்ணப்பதாரரை அதிகாரி கேட்கலாகாது என விதித்திருக்கிறார்களே, அங்கேதான் இருக்கிறது. பிச்சையிடுகிறவன் முகத்தைப் பார்ப்பான், குலம் கோத்திரம் விசாரிப்பான், உழைத்துப் பிழைக்கக்கூடாதா என்று உபதேசமும் செய்வான். அந்த வாயைச் சட்டம் இங்கே அடைத்துவிட்டது. இவ்வளவும் இருக்க, ‘ஏழை எளியவனாகிய அடியேன்’ என்று மனுவைத் தொடங்கும் வழக்கம் இன்னும் நம் மனுநீதி நாட்களில் ஒழிந்தபாடில்லை!

எண்ணூருக்கு வடக்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் கழிமுகமுமாகக் கிடக்கும் காட்டுப்பள்ளியில் இந்த விசாரம் ஏட்டளவில் நிற்பதில்லை. எல் அண்டு டி கட்டி, 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறிய துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு, 2021 ஜனவரி 22 அன்று நடக்கவிருந்த பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது; 2023 செப்டம்பர் 5 என்று குறித்ததும் அவ்வாறே ஆயிற்று. அக்கரையோர மக்கள் ஆட்சிமுறை அறியாதவர்கள் என்று எண்ணிக்கொண்டு பாடம் நடத்தப் போகிறவருக்கு, பக்கத்திலுள்ள பழவேற்காட்டு ஏரியின் பாடு முறையை முதலில் காட்டவேண்டும். வலைபோடும் இடங்களைச் சீட்டுப் போட்டும் முறைவைத்தும் பங்கிட்டுக்கொள்ளும் அவ்வழக்கம், குடவோலை முறையைக் கல்லில் வெட்டிவைத்த உத்திரமேரூர்ச் சபையாருக்கு அந்நியமாகப் பட்டிராது. பங்கும் முறையும் அறிந்த அவர்களுக்கு அறியக் கிடையாதது வேறு. கலெக்டர் ஆபீஸ் எந்த விதியின்படி நடக்கவேண்டும் என்பதே அது.

கருத்துக்கேட்புக்கு 30 நாள் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கவேண்டும். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை வந்திருப்போர் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பமிட வேண்டும். இது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலுள்ள விதி. மீன்கூடையைத் தகர ஷெட்டில் வைத்துவிட்டு வந்த ஒரு பெண்மணி எழுந்து, “நான் சொன்னது அதில் இருக்கா, படிங்க சார்” என்று கேட்பாரானால், அதிகாரி படித்தே ஆகவேண்டும். சுருக்கத்தை வரிவரியாக வாசித்து விளங்கிக்கொள்ள அந்த 30 நாள் போதாது. ஆகவே வகுப்பு நடத்துவோர் அடுத்த தேதி அறிவிக்கப்படும் வரை காத்திராமல், வரும் மே முதல் நாள் கிராம சபைக்கு முன்பே குப்பங்களில் உட்கார்ந்துவிடுவது நல்லது.