பாட்டை நிறுத்திய ஒயர்

1990களில் ஐரோப்பிய, அமெரிக்கக் கார்களில் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ கருவி பொருத்தியவர்கள் ஒரு மெல்லிய ஒயரைக் கார் ஸ்டீரியோவின் பின்பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். மியூட் ஒயர் என்று அதற்குப் பெயர். அழைப்பு வந்ததும் கருவி அந்த ஒயரை எர்த் செய்யும், ஸ்டீரியோ வாயடைத்துப்போகும். அந்த வசதி இல்லாத ஸ்டீரியோ என்றால், அதற்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு ரிலே பெட்டி; பாட்டின் வழியை வெட்டிவிட்டுப் பேச்சை உள்ளே விடும். கேசட் மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். பேசி முடிப்பதற்குள் பாட்டு ஒரு சரணம் தாண்டியிருக்கும். மைக் தலைக்கு மேலே, சன் வைசரில். 1946இல் செயின்ட் லூயிஸ் நகரில் பெல் நிறுவனம் தொடங்கிய கார் தொலைபேசிக்கு ஒரு கையைக் கொடுத்தாக வேண்டும். இப்போது இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். சிக்கல் தீர்ந்தது என்றே பலரும் எண்ணினார்கள்.

இந்த எண்ணத்துக்குள் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது: உடம்பு இருக்கும் இடத்தில்தான் ஆள் இருக்கிறான். ஆனால் அந்த மியூட் ஒயரே இதை மறுக்கிறது. காதில் இரண்டு ஒலி விழுவதில் தடை ஏதுமில்லை. மனம் இரண்டையும் ஏற்காது என்று தெரிந்துதான் பாட்டை நிறுத்தினார்கள். மனம் வேறெங்கோ இருந்தால் கண் திறந்திருந்தும் காணாது என்பதைப் பிருகதாரண்யக உபநிடதம் எப்போதோ சொல்லிவிட்டது. டொரான்டோவில் ரெடல்மையரும் திப்ஷிரானியும் 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட கட்டுரையும் அதையே காட்டியது: போன் பேசும்போது விபத்து வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு, ஹேண்ட்ஸ்-ஃப்ரீயால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. ஆனாலும் பிரிட்டன் 2003இல் கையில் பிடித்துப் பேசுவதை மட்டுமே தடை செய்தது. போலீஸ்காரர் கண்ணுக்குக் கைதானே தெரியும்!

பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுவதில்லையா என்று கேட்பார்கள். பேசலாம், அவரும் அதே சாலையைப் பார்க்கிறார். லாரி குறுக்கே வந்தால் அவர் வாயும் மூடிக்கொள்ளும். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது, பதிலுக்குக் காத்திருப்பார். ரேடியோவோ பதிலே கேட்பதில்லை. இன்னொரு ஆட்சேபம் கனமானது. கைதேர்ந்த ஓட்டுநருக்கு வண்டி பழக்கத்திலேயே ஓடும், மனம் எங்கிருந்தால் என்ன? செயலில் நான் என்பதே கரைந்துபோகும் நிலையை ஆன்மிக மரபுகள் போற்றவில்லையா? போற்றின, ஆனால் அவை சொன்னது செயலுக்குள் கரைவதை, செயலைப் பழக்கத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு வெளியூர் போவதை அல்ல. பழக்கம் நேற்றைய சாலையைச் சமாளிக்கும். நிறுத்திவைத்த காரின் கதவு திடீரென்று திறந்தால் அங்கே ஆள் வேண்டும்.

ஆகவே இது திறமையைப் பற்றியது மட்டுமல்ல, யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதும்தான். அழைப்பவருக்குப் பெயர் உண்டு, எண் உண்டு, அவருக்காகப் பாட்டை நிறுத்த ஒயரும் உண்டு. சாலையைக் கடக்கப்போகிறவர் நம்மை அழைப்பதில்லை. அவர் சார்பில் பேச்சை நிறுத்த எந்த ஒயரையும் யாரும் இழுக்கவில்லை. அவசர அழைப்பாக இருந்தால் என்பது நியாயமான கேள்விதான்; அவசரம் என்றால் ஓரங்கட்டி நிறுத்திப் பேசலாம். பாட்டைத் தடுக்கத் தெரிந்த பொறியாளர்களுக்கு, வண்டி ஓடும்வரை அழைப்பவரையும் காக்கவைப்பது பெரிய வேலையாக இருந்திருக்காது. அப்படி ஒரு கருவியைக் காசு கொடுத்து யார் வாங்கியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.