பிறவிக் குணமும் பாத்திரமும்

ஒருவன் தீயவனாகவே பிறக்கக் கூடுமா? இக்கேள்வி மிகப் பழையது. சமயவாதிகளும் தத்துவ ஞானிகளும் இதனைப் பன்னெடுங் காலமாகத் தர்க்கித்து வந்துள்ளனர். ‘இல்லை’ என்று வாயால் விடை கூறிவிட்டு, ‘ஆம்’ என்று செயலால் காட்டிய சமுதாயங்களே அதிகம். இப்பழைய கேள்வியை நாம் இங்கு ஒரு விளையாட்டு மேசையின்மேல் வைத்து நோக்க விரும்புகின்றோம்.

விளையாட்டுக்கும் தத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் சிலர் வினவலாம். உழைத்துக் களைத்தவன் ஓய்வு வேளையில் எதனை விரும்பிக் கற்பனை செய்கின்றான் என்பது அற்ப விஷயமன்று. சபையிலே அளந்து பேசுபவனின் உள்ளக் கிடக்கை, விளையாட்டாகப் பேசும்போது தெளிவாக வெளிப்படுவதுண்டு. மேலும், நாம் குறிப்பிடும் ஆட்டத்தில் ஆடுபவர் நகர்த்துவது சதுரங்கக் காயை அன்று; ஒரு மனிதனை. அம்மனிதனை முதலில் அவரே படைத்தாக வேண்டும். படைப்பு என்றதும் பொறுப்பு என்பதும் உடன் வந்துவிடுகின்றது.

1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிறு நகரிலிருந்து ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தின் விதிநூல்கள் வெளிவந்தன. முதலில் அச்சிடப்பட்டவை 1000 பிரதிகளே. ஆக்கியோர் இருவர்: கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். கைகாக்ஸ் காப்புறுதித் தொழிலில் இருந்து, அவ்வேலையை இழந்தபின் சப்பாத்துத் திருத்திப் பிழைத்தவர். இருவரும் பொம்மைப் படைகளை மேசைமீது நிறுத்திப் போர் நடத்தும் ஆட்டத்தில் ஊறியவர்கள். கைகாக்ஸின் முந்திய போராட்ட விதிகளில் ஒரு பொம்மை 20 வீரரைக் குறித்தது. அவ்வீரருக்குப் பெயரில்லை, ஊரில்லை, அவர்கள் ஒரு தொகையின் பகுதி. புதிய ஆட்டத்திலோ ஒரு பொம்மை ஒரே ஆளாயிற்று. அவனுக்குப் பெயர் வந்தது, பசி வந்தது, சாவைப் பற்றிய அச்சமும் வந்தது. தளபதியின் பார்வையிலிருந்து தனிமனிதனின் பார்வைக்கு இறங்கி வந்த ஆட்டம் இது. இம்மாற்றத்தின் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆடும் முறை எளியது. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் நடுவர்; காட்டையும் குகையையும் அங்கு வதிவோரையும் அவர் விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று பேசுவர், செயலாற்றுவர். கைகூடுமா கூடாதா என்ற ஐயம் எழும் இடங்களில் பகடை தீர்ப்புச் சொல்லும். நாடகம் போன்றதே எனினும், எழுதி வைத்த வசனம் கிடையாது, பார்வையாளரும் கிடையாது.

பாத்திரத்தை எவ்வாறு படைப்பது? முதல் விதிநூலின்படி மூன்று பகடைகளை ஆறு முறை உருட்ட வேண்டும். வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, கைத்திறன், பிறரைக் கவரும் ஆற்றல் ஆகிய ஆறுக்கும் 3 முதல் 18 வரையில் ஒவ்வோர் எண் கிடைக்கும். 18 விழுவதற்கு 216 இல் ஒரு வாய்ப்பே உண்டு. பிறப்பில் நேரும் தற்செயலை இதனிலும் நேர்மையாகக் காட்டுதல் அரிது. பகடைக்கு எவர் எவருடைய பிள்ளை என்று தெரியாது.

பகடைக்கு அப்பால் வந்த விதியே நம் கேள்விக்குரியது. பாத்திரம் மனித இனத்ததா, குள்ளர் இனத்ததா, ‘ஹாப்லிங்’ எனப்படும் சிற்றுருவினர் இனத்ததா என்று தீர்மானிக்க வேண்டும். மனிதன் எவ்வளவும் உயரலாம். குள்ளன் போர்வீரனாக ஆறாம் படிக்கு மேல் ஏற முடியாது. ஹாப்லிங் நான்காம் படியோடு நின்றுவிட வேண்டும். எத்தனை தீரச் செயல் புரிந்தாலும் பயனில்லை. 1978 இல் வந்த நூல், பெண் பாத்திரத்தின் வலிமைக்கு ஆணுடையதிலும் தாழ்ந்த உச்ச வரம்பு விதித்தது. மனிதருக்கும் ‘ஓர்க்’ எனப்படும் அரக்கர் குலத்தினருக்கும் பிறந்த அரை ஓர்க்குக்கு வலிமையில் ஒன்றைக் கூட்டி, பிறரைக் கவரும் ஆற்றலில் இரண்டைக் குறைத்தது. இனத்தால் ஏணிக்கு வரம்பு கட்டும் முறை 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு வரை நீடித்தது. பிறப்பை அளவுகோலாகக் கொண்ட சமுதாயத்தில் வளர்ந்த நமக்கு இவ்விதியின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி, அந்த ஓர்க்குகளைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 1954–55 இல் வெளிவந்த ‘லோர்ட் ஒவ் த ரிங்ஸ்’ என்னும் நாவலில், ஆங்கில எழுத்தாளரான டோல்கின் இவர்களைக் கொடுங்கோலனின் படைவீரராகக் காட்டினார். ஓர் இனம் முழுவதும் மீட்சிக்கே இடமின்றித் தீயதாக இருத்தல் இயலுமா என்ற கேள்வி கத்தோலிக்கரான அவரை உறுத்தியது. அவர் மறைந்தபின் வெளிவந்த குறிப்புகளில், ஓர்க்குகளின் தோற்றத்துக்கு அவர் ஒரு விளக்கம் எழுதி, அதில் நிறைவு காணாது வேறொன்று எழுதியதை நாம் காண்கின்றோம். கதையைப் படைத்தவருக்கு இருந்த அத்தயக்கம், கடன் பெற்ற ஆட்டக்காரருக்கு இருக்கவில்லை. விதிநூலில் அவ்வினத்தின் பெயருக்கு எதிரே ‘தீயது’ என்ற சொல் அச்சாயிற்று. ஒரு சொல், அத்துடன் விசாரணை முடிந்தது.

அச்சொல்லின் விளைவு எத்தகையது? 1979 இல் வெளியான ‘த கீப் ஒன் த போர்டர்லண்ட்ஸ்’ என்னும் ஆட்டக்கதையை எடுத்துக்கொள்வோம். எல்லைக் கோட்டையொன்றுக்கு அப்பால் குகைகள் பல உள்ளன. அவற்றில் ஓர்க்குகளும் அவர்களையொத்த பிற குலங்களும் வாழ்கின்றன. ஆடுபவர் வாளுடன் நுழைகின்றனர். காவலர் வீழ்கின்றனர். அடுத்த அறையில் போரிடாத சிறுவர்கள் இருக்கின்றனர் என்று அந்நூலே கூறுகின்றது. மேசையைச் சுற்றி ஒரு மௌனம். இவர்களை என்ன செய்வது? ‘இனமே தீயது’ என்ற விதி உண்மையாயின் அச்சிறுவர்களைக் கொல்லுதல் நற்செயலாகிவிடும். அவ்வாறு செய்யக் கை கூசுமாயின் விதி பொய்யாதல் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி இல்லை. ஐம்பது ஆண்டு வரலாறுடைய இவ்வாட்டத்தில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட நீதிப் பிரச்சினைகளுள் இதுவும் ஒன்று.

காலம் சும்மா இருக்கவில்லை. 2020ஆம் ஆண்டு, ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் ஓர்க் முதலிய இனங்களை ஏனைய மக்களைப் போலவே பலதரப்பட்ட குணங்களுடையோராகக் காட்டுவதாக அறிவித்தது. 2024 இல் வந்த விதிநூலில் ‘இனம்’ என்ற பழைய சொல் கைவிடப்பட்டது. ஓர்க் ஏனையோருக்குச் சமமாக, ஆடுபவர் ஏற்கத்தக்க பாத்திரமாயிற்று. 2025 இல் வெளிவந்த அரக்கர் தொகுதியில் ஓர்க் இடம்பெறவேயில்லை. வர்த்தக நிறுவனம் சந்தையை நோக்காது எதையும் செய்வதில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் சந்தையே இவ்வாறு திரும்பியதற்குக் காரணம், மேசைகள்தோறும் மனச்சாட்சியுள்ளவர்கள் கேட்ட கேள்விகளே என்பதையும் மறுத்தல் இயலாது.

நிற்க. பிரச்சினை இத்துடன் தீர்ந்துவிட்டதா? புதிய நூலில் ஆற்றலின் கூடுதல் இனத்தினால் வருவதில்லை. முன்னை வாழ்க்கையினால் வருகின்றது. உழவனாக இருந்தவன் வலிமை, உடலுறுதி, விவேகம் என்பவற்றுள் உயர்வு பெறலாம். பிரபுவோ வலிமை, அறிவு, பிறரைக் கவரும் ஆற்றல் என்பவற்றுள் பெறலாம். உழவனின் பட்டியலில் அறிவு இல்லை! பிறப்பை வாசலால் வெளியேற்றினோம். அது தொழில் என்ற வேடமிட்டுச் சாளரத்தால் உள்ளே வந்துவிட்டது. சூழ்நிலை மனிதனை உருவாக்குகின்றது என்பது மெய். சூழ்நிலையை அட்டவணையாக்கி, அவ்வட்டவணைக்குள் மனிதனை அடைத்துவிடுவது இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதம். இதுவும் விதிக்கொள்கையின் மற்றொரு முகமேயாகும்.

எனவே, விதிநூல் எவ்வளவு திருந்தினாலும், கேள்வி பாத்திரத்தைப் படைப்பவரிடமே திரும்பி வருகின்றது. ‘கோபக்கார ஓர்க் வீரன்’ என்று ஒருவர் காகிதத்தில் எழுதுகின்றார். இது பாத்திரமாகுமா? ஆகாது, ஒரு முத்திரை மட்டுமே. அவன் ஏன் கோபிக்கின்றான்? யார்மீது? அவனுக்குச் சோறிட்டவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை தேடத் தொடங்கும்போதுதான் பாத்திரத்தின் கரு உயிர் பெறுகின்றது.

ஓர் உதாரணத்தை வகுத்துப் பார்ப்போம். அக்குகையிலிருந்த சிறுவர்களுள் ஒருவன் தப்பிப் பிழைத்தான் என்று கொள்வோம். தந்தையைக் கொன்ற வீரர்களுள் ஒருவனே, சிறுவன்மீது வாளோங்க மனமின்றி, அவனைக் கோட்டையிலுள்ள கொல்லனிடம் ஒப்படைத்தான். சிறுவன் உலைக்களத்தில் வளர்ந்தான். அவன் அடித்த லாடத்தை ஊரார் காசு கொடுத்து வாங்குவர். அவனோடு ஒரே பலகையில் அமரமாட்டார்கள். அவன் கோபத்துக்கு இப்போது காரணம் உண்டு. அது குருதியில் ஊறியதன்று. அவனுக்கு ஒரு தொழில் உண்டு. அத்தொழிலில் பெருமையும் உண்டு. யாவற்றிலும் மேலாக, உயிர் தந்தமைக்கான நன்றியும் தந்தையைக் கொன்றமைக்கான பகையும் ஒரே மனிதனிடம் அவனுக்கு உண்டு. அம்மனிதனை அவன் மறுபடியும் சந்திக்கும் நாளில் என்ன செய்வான்?

இக்கேள்விக்குப் படைப்பவர் முன்கூட்டியே விடை எழுதலாகாது என்பதே நம் கருத்து. எழுதிவிட்டால் ஆட்டம் வெறும் ஒப்புவித்தலாகிவிடும். பிறந்த இடத்தையும் வளர்ந்த சூழலையும் திண்ணமாக வகுத்துக் கொடுத்து, தெரிவைத் திறந்து விடுதல் வேண்டும். மேசையிலுள்ள பிறரின் சொல்லும் செயலும் அத்தெரிவைப் பாதிக்கும். பழைய பகையை ஆற்றும் நண்பன் அங்கே கிடைக்கலாம். அதனைக் கிளறிவிடும் கயவனும் கிடைக்கலாம். மனிதன் மனிதரிடையே உருவாகின்றான் என்பது இதுவே.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் இவ்வாட்டக்காரருக்குப் பழக்கமானது. ஒருவர் தம் தோழனின் பணப்பையைக் களவெடுக்கின்றார். இரந்து நிற்கும் கைதியைக் குத்துகின்றார். தோழர் முகஞ் சுளித்தால், ‘நான் என்ன செய்வது? என் பாத்திரம் அப்படிப்பட்டது’ என்று கூறிக் கையை விரிக்கின்றார். அப்பாத்திரத்தைக் காகிதத்தில் எழுதிய கை எவருடையது? தாமே ஆக்கிய இயல்பைத் தமக்கு எஜமானாக்கிவிட்டு, அதன் நிழலில் ஒளிந்துகொள்வது கோழைத்தனம். ‘உலக வழக்கு அப்படி’, ‘எங்கள் குல வழக்கம் இப்படி’ என்று மேசைக்கு வெளியே கேட்கும் குரல்களும் இதே குரலின் உறவினர்தாம். வழக்கத்தையும் மனிதரே ஆக்கினர். அதனை இன்றும் தம் செயலால் நிலைநிறுத்துபவரும் மனிதரே.

‘வீரகதைக்கு ஒரு பகைவன் வேண்டாமா? யாவரையும் நல்லவராக்கிவிட்டால் ஆட்டத்தில் சுவை ஏது?’ என்று கேட்பவர்களுக்கும் விடை கூறவேண்டும். பகைவன் வேண்டும். தீமை உலகில் இல்லை என்று நாம் கூறவில்லை. கிராமத்தைக் கொளுத்தியவன், கொளுத்தாதிருக்கவும் முடிந்தவன் என்று அறியும்போதுதான் அவனைக் குற்றவாளி என்று அழைக்கும் உரிமை நமக்குக் கிடைக்கின்றது. தீமையைத் தவிர வேறொன்றும் அறியாதவனைப் புயலைப்போல் அஞ்சலாம். அவனுக்குத் தீர்ப்பளிக்க முடியாது. பிறவித் தீமை என்னும் கொள்கை நிரபராதியை மட்டுமன்றி, உண்மையான குற்றவாளியையும் நம் கையிலிருந்து தப்பவிடுகின்றது.

குகையின் அடுத்த அறைக்கு மீள்வோம். சிறுவர்கள் சுவரோரம் நிற்கின்றனர். நடுவர், ‘என்ன செய்கின்றீர்கள்?’ என்று கேட்கின்றார். ஆடுபவர்களின் முன்னே விதிநூல் கிடக்கின்றது, பகடையும் கிடக்கின்றது. இவ்விரண்டில் எதுவும் அவர்களுக்காக விடை கூறமாட்டாது. அவர்கள் தம் வாயால்தான் கூறியாக வேண்டும். கூறியதற்குத் தாமே பொறுப்பேற்கவும் வேண்டும். பாத்திரத்தின் குணம் பிறப்பது அந்த விடையிலேதான்.