பசுவைக் கொண்டு வா

ஒரு சொல்லின் பொருள் மனத்தில் எப்படி ஏறுகிறது என்ற கேள்வியை இந்தியத் தத்துவ மரபில் மிகவும் விரிவாக ஆராய்ந்தவர்கள் மீமாம்சகர்கள். வேதத்தின் விதிவாக்கியங்களுக்குப் பொருள் காண்பது அவர்கள் தொழில். வாக்கியம் பொருள் தரும் விதம் தெரியாமல் வேதம் எதைச் செய்யச் சொல்கிறது என்று எப்படித் தீர்மானிப்பது? வேள்விக்காக எழுந்த அந்த விவாதம், தாய்மொழியைத் தாண்டி இன்னொரு மொழி கற்பவருக்கும் வேண்டிய அளவு வெளிச்சம் தருகிறது.

அவர்கள் காட்டும் காட்சி எளியது. பெரியவர் ஒருவர் இன்னொருவரிடம் 'பசுவைக் கொண்டு வா' என்கிறார். அவர் போய்ப் பசுவை ஓட்டி வருகிறார். பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கு அந்த ஒலியில் பசு எது, கொண்டு வருவது எது என்று தெரியாது. அந்த ஒலி முழுவதற்கும் அந்தச் செயல் முழுவதற்கும் தொடர்பு உண்டு என்பது மட்டும் பிடிபடுகிறது. பிறகு 'பசுவைக் கட்டு' என்று கேட்கிறது. 'குதிரையைக் கொண்டு வா' என்று கேட்கிறது. ஒரு சொல் விலகி வேறொன்று வந்தால் செயலிலும் ஒரு பகுதி மாறுகிறது. இந்த நீக்கலையும் சேர்த்தலையும் உத்வாபம், ஆவாபம் என்றார்கள். முறை முழுவதற்கும் விருத்த வியவகாரம், அதாவது முதியோர் வழக்கு என்று பெயர்.

இந்தக் காட்சியை வைத்தே 7ஆம் நூற்றாண்டை ஒட்டி மீமாம்சகர்களிடையே இரு கட்சிகள் பிரிந்தன. சொற்கள் முதலில் தனித்தனியே தம் பொருளை உணர்த்துகின்றன, பிறகு அப்பொருள்கள் இணைந்து வாக்கியப் பொருள் பிறக்கிறது என்றார் குமாரில பட்டர். பிரபாகரர் மறுத்தார். தனிச் சொல்லை வழக்கில் யாரும் கேட்பதே இல்லை. மற்றொன்றோடு இயைந்த நிலையிலேயே சொல் பொருள் தருகிறது என்பது அவர் வாதம். மொழி கற்பவரின் அனுபவம் பிரபாகரர் பக்கமே சாய்கிறது. நூறு சொற்களை மனப்பாடம் செய்தவர் கடைத்தெருவில் வாயடைத்து நிற்பதும், பத்து வாக்கியங்களைச் சூழலோடு பிடித்துக்கொண்டவர் பேரம் பேசிவிடுவதும் அன்றாடக் காட்சிகள். ஆனால் அந்தப் பத்தைப் பிரித்துப் புதிதாக நூறு வாக்கியம் கட்ட, சொற்கள் கழன்று தனியே கைக்கு வர வேண்டும். அங்கே குமாரிலர் சொன்னதும் தேவைப்படுகிறது.

நியாய மரபு இதை இன்னும் விரித்தது. விசுவநாதரின் 17ஆம் நூற்றாண்டு நூலான சித்தாந்த முக்தாவலி, சொல்லின் பொருளாற்றலை அறிய எட்டு வழிகளைச் சொல்கிறது: இலக்கணம், ஒப்புமை, அகராதி, நம்பத்தக்கவர் கூற்று, வழக்கு, வாக்கியத்தின் எஞ்சிய பகுதி, விளக்கவுரை, தெரிந்த சொல்லின் அருகாமை. கடைசி வழிக்கு மரபு காட்டும் உதாரணம் அழகானது. 'இந்த மாமரத்தில் பிகம் இனிமையாகக் கூவுகிறது' என்று கேட்டவருக்குப் பிகம் என்ற சொல் தெரியாவிட்டாலும், மாமரமும் கூவலும் தெரிந்திருப்பதால் அது குயில் என்று புலப்படும். தெரிந்தவற்றின் நடுவே தெரியாதது ஒன்று மட்டும் வரும் வாசகமே கற்பவருக்கு ஏற்றது. பத்துச் சொல்லில் எட்டுத் தெரியாத நூலோடு மல்லுக்கட்டுவது வீரமாகத் தோன்றலாம். கல்வி அதில் குறைவு.

பசுக் காட்சியில் நிற்பது முதல் மொழி கற்கும் குழந்தை. வளர்ந்தவர் வெறும் மனத்தோடு வருவதில்லை. புனித அகஸ்டின் தம் 'ஒப்புதல்கள்' நூலில், பெரியவர்கள் பொருளைச் சுட்டிப் பெயர் சொல்லத் தாம் குழந்தையாகப் பேசக் கற்றதை விவரிக்கிறார். விட்கென்ஸ்டைனின் 'தத்துவ ஆய்வுகள்' (1953) அந்தப் பகுதியை மேற்கோள் காட்டியே தொடங்குகிறது. அவர் கண்ட குறை கூர்மையானது: அகஸ்டின் காட்டும் குழந்தை அயல்நாட்டில் வந்து இறங்கியவரைப் போல இருக்கிறது, அதனிடம் ஏற்கெனவே ஒரு மொழி இருக்கிறது, இந்த மொழிதான் இல்லை. குழந்தையைப் பற்றிய விளக்கமாக அது தவறலாம். இரண்டாம் மொழி கற்பவரைப் பற்றிய விளக்கமாக அதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது.

ஏற்கெனவே உள்ள மொழி ஏணியாகும், பொறியாகவும் ஆகும். பொறியாவதற்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று குமாரிலரின் தந்திர வார்த்திகத்தில் இருக்கிறது. அதுவும் தமிழ்ச் சொற்களை வைத்து. வடமொழி மட்டுமே அறிந்தவர்கள் திராவிட மொழிச் சொற்களைக் கேட்டால், தங்கள் மொழியின் ஈற்றை ஒட்டித் தங்களுக்குத் தெரிந்த பொருளை ஏற்றிவிடுகிறார்கள் என்கிறார் அவர். சோறு அவர்கள் காதில் திருடனைக் குறிக்கும் 'சோர' ஆகிறது. பாம்பு தீமையைச் சுட்டும் 'பாப' ஆகிறது. வயிறு பகையைச் சுட்டும் 'வைர' ஆகிறது. பசித்த வயிறு யாரையும் தகாதது செய்யத் தூண்டுவதால் அது பகைதானே என்று காரணமும் கற்பித்துக்கொள்கிறார்கள்! திராவிடத்திலேயே இந்தக் கதி என்றால் பாரசீகம், யவனம், ரோமகம் முதலியவற்றில் என்ன செய்யமாட்டார்கள் என்று கேலி செய்கிறார். முன்னமே மீமாம்சை உரையாசிரியர் சபரர், வேத மரபுக்குப் புறம்பான மிலேச்சரிடம் வழங்கிய பிகம் முதலிய சொற்களை எடுத்துக்கொண்டு, அவை யாருடைய சொற்களோ அவர்களுடைய வழக்கிலிருந்தே பொருள் கொள்ள வேண்டும் என்று முடிவுகட்டியிருந்தார். வேதத்தின் அதிகாரத்தைக் காக்க நின்றவர்கள், சொல்லின் பொருளுக்கு மிலேச்சரையே அதிகாரிகளாக ஏற்றது சிறிய செய்தியன்று.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த கிறித்தவ மதப் பணியாளர் சீகன்பால்கு செய்ததும் இதையொத்ததே. தமிழ் ஆசிரியர் ஒருவரின் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். பிறகு ஊராரோடு ஓயாமல் பேசினார், ஓலைச்சுவடிகளை வாசித்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. மதம் மாற்ற வந்தவர் முதலில் மாணவராக நேர்ந்தது.

கேட்டுப் புரிந்துகொண்டால் மட்டும் போதுமா? 1965இல் கனடாவின் மாண்ட்ரியலை அடுத்த செயின்ட் லாம்பர்ட்டில் ஆங்கிலக் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு வழியிலேயே பாடம் நடத்தும் திட்டம் தொடங்கியது. பின்னர் பரவிய அத்தகைய வகுப்புகளின் மாணவர்கள் பிரெஞ்சைத் தாய்மொழியாளருக்கு நெருங்கிய அளவில் புரிந்துகொண்டார்கள். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் விடாமல் தொடர்ந்தன. 1985இல் மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன் இதற்கு ஒரு காரணம் சொன்னார்: கேட்பவர் பொருளை ஊகித்துத் தப்பிக்கலாம், பேசுபவர் வாக்கியத்தைக் கட்டியே ஆக வேண்டும். மீமாம்சகர் காட்சியிலும் குழந்தை ஒருநாள் தானே 'பசுவைக் கட்டு' என்று சொல்லியாக வேண்டும்.

எஞ்சுவது அச்சம். இதில் அகஸ்டினின் சாட்சி வலுவானது. லத்தீனைச் செவிலியரின் கொஞ்சலிலும் விளையாட்டிலும் கற்ற அவர், கிரேக்கத்தைப் பள்ளியில் தண்டனைக்கு அஞ்சிக் கற்று வெறுத்தார். ஹோமரின் இனிய கதைகளும் அவருக்குக் கசந்தன. மொழி கற்க மிரட்டலைவிடத் தடையற்ற ஆர்வமே வலியது என்று அவரே எழுதினார். ஆனால் அதே மனிதர் தண்டனையையும் கடவுளின் ஒழுங்கில் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டார். அந்த ஏற்பு அவருடைய கிரேக்கத்தை மீட்கவில்லை. திரித்துவம் பற்றிய பெருநூலை எழுதும்போது, அப்பொருள் குறித்த கிரேக்க நூல்களை வாசித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் தமக்குப் போதாது என்று அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.