பாட்டரியை எந்தத் தராசில் நிறுப்பது?

அரிசியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறோம். துணியைக் கோலால் அளந்து கொடுக்கிறோம். வாங்குகிறவர் கண்ணெதிரே முள் நிற்கிறது. சூரிய ஒளித் தகடு பகலில் விளைவிக்கும் மின்சாரத்தை இரவுக்குச் சேமித்து வைக்கும் பாட்டரியோ அப்படிப்பட்ட சரக்கன்று. அதன் நிறை கடையில் தெரியாது. நாள் பல கழித்து, வாங்கியவர் வீட்டு இருட்டில்தான் தெரியும். இத்தகைய பொருளை விற்பதில் வியாபாரியின் கடமை எதுவரை என்பதே நாம் இங்கு சிந்திக்க வேண்டிய கேள்வி.

சேமித்து வைப்பது தாப்பாவாசிகளுக்குப் புதிய விஷயமன்று. கேமரன் மலைச் சாலையில் ஏறுகிறவர்கள் ரிங்லெட் நீர்த்தேக்கத்தைப் பார்த்திருப்பார்கள். 1963-ல் சுல்தான் அபூபக்கர் அணையால் உண்டான தேக்கம் அது. அங்கிருந்து நீர் சுரங்க வழியே ஜோர் மின் நிலையத்துக்கு இறங்கி, பிறகு தாப்பாவை அடுத்து 1968-ல் அமைந்த வோ மின் நிலையத்திலும் வேலை செய்கிறது. வேண்டாத நேரத்தில் தேக்கி, வேண்டிய நேரத்தில் திறப்பது. பாட்டரியின் தத்துவமும் அதுவே. ஆனால் மேலே வெட்டித் திருத்திய நிலங்களின் மண் மழையில் கரைந்து வந்து படிந்ததால், கட்டிய நாளில் கொண்ட நீரை அத்தேக்கம் இன்று கொள்வதில்லை. காகிதத்தில் உள்ள கொள்ளளவு வேறு. கைக்கு வருவது வேறு.

பாட்டரியின் கணக்கும் இப்படித்தான். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று எழுதிய ஈயப் பாட்டரியை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1,200 வாட்-மணி. மின் கட்டணச் சீட்டுக் கணக்கில் 1.2 யூனிட். 50 வாட் காற்றாடி 24 மணி நேரம் ஓடும் என்று காகிதம் சொல்லும். ஆனால் ஈயப் பாட்டரியைத் தினமும் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் சீக்கிரம் முடியும். பாதியே உபயோகம் என்றால் 12 மணி நேரம். இன்வர்ட்டர் தின்பது போக இன்னும் குறைவு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 100-க்கு 80 பங்கு எடுக்கலாம். ஆயுளும் அதிகம், முதலில் கொடுக்கும் விலையும் அதிகம். கார் பாட்டரியோ, எஞ்சினைக் கிளப்பச் சில விநாடி மட்டும் பெருமளவு மின்சாரம் கொடுக்க, மெல்லிய தகடுகளால் ஆனது. அதை இரவெல்லாம் விளக்கெரிக்க வைத்தால் விரைவில் ஓய்ந்துவிடும்.

"100 என்று எழுதியிருக்கிறது, 100 என்றே விற்றேன், இதில் பொய் எங்கே?" என்று ஒருவர் கேட்கலாம். எழுத்து பொய்யன்று. ஆனால் வாங்குகிறவர் அந்த எழுத்திலிருந்து என்ன எண்ணிக்கொண்டு போகிறார் என்பது விற்பவருக்குத் தெரியும். அவ்வெண்ணம் தவறென்று அறிந்தும், விலை படியட்டும் என்று வாய்மூடி இருந்தால், அந்த மௌனம் தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய புளிக்கு ஒப்பாகும். அறியாமல் விற்றவரும் முழுதும் தப்ப முடியாது. தாம் விற்கும் சரக்கை அறிவது வியாபாரத்தின் முதற்படி.

"நான் உள்ளதைச் சொன்னால், சொல்லாத கடைக்கு அவர் போய்விடுவாரே!" போகலாம். அந்த நஷ்டம் மெய்யானது. அதை இல்லையென்று கூறி யாரையும் தேற்ற நாம் விரும்பவில்லை. உடனே இலாபம் தரும்போது மட்டும் கடைப்பிடிக்கும் நாணயம் வியாபாரத் தந்திரமே தவிர ஒழுக்கமாகாது. வாங்குகிறவர் சரக்கோடு நம் சொல்லையும் சேர்த்தே வாங்குகிறார். அது நம்மிடம் உள்ள அமானிதம். மிச்சம் பிடித்த பணத்தில் வாங்கிய பாட்டரி எட்டாம் மாதம் செத்தால், சூரிய மின்சாரமே ஏமாற்று என்று அக்குடும்பம் முடிவு கட்டிவிடும். ஒருவர் மௌனத்துக்கு எல்லாக் கடைகளும் விலை கொடுக்க நேரும்.

விற்றதோடு பொறுப்பு முடிவதுமில்லை. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுக் கழிவு விதிகள் பழைய ஈயப் பாட்டரியை அபாயக் கழிவுகளின் பட்டியலில் வைத்துள்ளன. ஆகவே பழையதைத் திரும்பப் பெற்று, அனுமதி பெற்றவர்களிடம் சேர்ப்பதும் விற்பனையின் பகுதியே.

எத்தனை மணி நேரம் எரியும்? எத்தனை ஆண்டு உழைக்கும்? ஓய்ந்தபின் எங்கே கொடுப்பது? இம்மூன்றுக்கும் கேட்காமலே விடை சொல்பவரே இச்சரக்கைச் சரியாக நிறுத்துக் கொடுத்தவராவார். முள் இல்லாத தராசுக்கு வியாபாரியின் நாவே முள்.